நோயாளி மறுக்கிறார்

என் வலது பாதம் செயலற்றுப்போன ஆனி மாதத்துக்கு முன்னர் இவ்வூரில் நான் என்னவாக இருந்தேன் என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். சென்னையில் பி.ஏ. தேறியவன். சார்பதிவாளராக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, ஒருமுறைகூட மேலதிகாரிக்கு விளக்கக் கடிதம் எழுத நேராமல் ஓய்வு பெற்றவன். பத்திரத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் காண்பதில் வழக்கு முளைத்தால், பெரிய காஞ்சிபுரத்து வக்கீல்கள் இன்றும் என் வீட்டுக் கதவைத் தட்டுவதுண்டு. எங்கள் தெருமுனையில் இருக்கும் வாசகசாலைக்குப் பல ஆண்டுகளாக நான் தலைவன்.

அந்த வாசகசாலையில் நான் கொண்டுவந்த விதி ஒன்று ஊரில் பேசப்பட்டது. மாலையில் பத்திரிகை படிக்க வருகிறவர்கள் தரையில் குந்தி, முழங்கால்களை நிறுத்தி, தோள்துண்டை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து முழங்காலுக்குக் கீழே இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அப்படிக் கட்டிக்கொண்டால் சுவரில் சாய்ந்ததுபோல் முதுகு ஓய்வு கொள்ளும். ஒரு பொது நிறுவனத்தில் அது தகாது என்று கருதினேன். நாற்காலிகள் வாங்கிப் போட்டு, "துண்டு கட்டிக் குந்தி அமரலாகாது" என்று பலகை எழுதி மாட்டினேன். சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நான் வருந்தவில்லை.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் பின்னால் வருவது எதுவும் விளங்காது. என் வீட்டு உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நானும் அப்படித்தான் அமர்ந்தேன். வாசகசாலையின் ஆண்டு மலருக்காகத் திருமுக்கூடல் கல்வெட்டுகளைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். மேசையில் எழுதினால் முதுகு கடுத்தது. குந்தி அமர்ந்து, துண்டைக் கட்டி, தொடைமேல் அட்டையை வைத்து எழுதினால் கடுப்பு இல்லை. மாசியில் அரைமணி நேரமாக இருந்த அது சித்திரையில் மூன்று மணி நேரமாயிற்று. வைகாசியில் காய்ச்சல் கண்டு உடல் மிகவும் இளைத்தேன். காய்ச்சல் நின்ற மறுநாளே மீண்டும் துண்டைக் கட்டிக்கொண்டு அமர்ந்தேன். இதை அறிந்தவர் என் மனைவி கனகவல்லி ஒருவரே.

ஆனியில் ஒரு நாள் காலை வாசகசாலைக்கு நடந்துகொண்டிருந்தேன். என் நடையில் ஓர் ஓசை கேட்டது. இடது கால் ஓசையின்றி ஊன்ற, வலது பாதம் மட்டும் பட்டென்று தரையில் அறைந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பூக்கட்டும் பெண்மணி ஒருத்தி பின்னாலிருந்து கூவினாள்.

"இன்னா சார், செருப்பு ஒண்ண இங்கியே உட்டுட்டுப் போறீங்க!"

குனிந்து பார்த்தேன். வலது பாதம் வெறுமையாக இருந்தது. பத்தடி பின்னால் நடுத்தெருவில் என் செருப்பு கிடந்தது. அது கழன்றதை நான் உணரவே இல்லை. பாதத்தை உயர்த்த முயன்றேன். என் கட்டளை அதற்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு உரிய ஓர் உறுப்பு எனக்குக் கீழ்ப்படியாமல் தொங்கியதைக் கண்ட அந்தக் கணத்தின் அதிர்ச்சிக்கு ஈடாக நான் அதுவரை எதையும் அனுபவித்ததில்லை. இதைவிடப் பெரிய அதிர்ச்சிகள் பின்னால் வந்தன.

வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். கனகவல்லி என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் வெளிறினாள்.

"வாதமா இருக்குமோங்க?"

அவள் கேட்டது தெருவுக்குக் கேட்டுவிட்டது. அன்று மாலைக்குள் எனக்குப் பக்கவாதம் என்று வாசகசாலை முழுதும் பேசிக்கொண்டார்கள்.

மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதன் டாக்டர் எனக்கு அறிமுகமானவர், என்னிடம் மதிப்புள்ளவர். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களைத் தாண்டி என்னை உள்ளே அழைத்தார். கையையும் முகத்தையும் சோதித்துப் பக்கவாதம் இல்லை என்றார். முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இடுப்புக்கு மேலே இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இடைவெளி குறுகியிருப்பதைக் காட்டினார். அங்கே நரம்பின் வேர் அழுந்தியிருக்கலாம், பத்து நாள் படுக்கையில் வைத்து இடுப்பில் வார் கட்டி எடை தொங்கவிட்டு இழுத்துப் பார்ப்போம் என்றார். "குணம் தெரியலைன்னா மெட்ராஸுக்கு அனுப்பிடறேன் சார். முதுகைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கலாம்" என்றார்.

முதுகைத் திறப்பது என்ற சொற்றொடரை அவர் பெட்டியைத் திறப்பதுபோல் சொன்னார். கனகவல்லி தன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

படுக்கை கிடைத்த அன்றே பிசியோதெரபி பிரிவுக்கு என்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஒரு நீண்ட கூடம். பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு மூங்கில் கம்புகள், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, ஈரப்பஞ்சு வைத்த தகடுகளோடு ஒரு மின்சாரப் பெட்டி. அதன் பொறுப்பாளர் எஸ்தர் என்ற பெண். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. அந்தப் பெட்டியை வைத்து நோயாளிகள் அவருக்குக் கரண்டம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருடைய தந்தை செவிலிமேட்டுப் பக்கத்தில் பிறர் கழனிகளில் கூலிக்கு உழைத்தவர் என்று ஒரு நர்ஸ் கனகவல்லியிடம் சொல்லியிருந்தாள். அதை இங்கே எழுதுவதற்குக் காரணம், அன்று அவர் என் பாதத்தைத் தொட்டபோது என் மனத்தில் அது இருந்தது என்பதே.

"ஐயா, இன்னா தொந்தரவு?"

"கால் வரலை."

"காலுன்னா? தொடையா, முழங்காலா, பாதமா?"

"கால் என்றால் கால்தான்."

அவர் சிரித்தார். "நம்ம ஊருல இடுப்புலருந்து சுண்டுவிரல் வரைக்கும் காலுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறோம். நான் சீட்டுல அப்படி எழுதினா, வேற எங்கியோ வைத்தியம் பண்ணிக்கினு இருப்பேன். ஒவ்வொண்ணா காட்டுங்க."

ஒரு பிசியோதெரபிஸ்ட் தைலம் தேய்த்து உடற்பயிற்சி சொல்லித் தருபவர் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவர் அரைமணி நேரம் எந்த வைத்தியமும் செய்யவில்லை. விசாரணை செய்தார். தொடையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். முழங்காலை நீட்டச் சொல்லித் தம் கையால் எதிர்த்து அழுத்தினார், நீட்டினேன். பாதத்தை மேலே உயர்த்தச் சொன்னார், அது அசையவில்லை. வெளிப்புறமாகத் திருப்பச் சொன்னார், சற்றே நெளிந்தது. உட்புறமாகத் திருப்பச் சொன்னார்; அவருடைய கையைத் தள்ளிக்கொண்டு திரும்பியது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் உட்புறம் திருப்பச் சொன்னார். மறுபடியும் தள்ளியது. சிறு சுத்தியலால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைத் தட்டினார், பாதம் துள்ளியது. ஊசிமுனையால் புறங்காலைத் தொட்டுத் தொட்டு, எங்கே மரத்திருக்கிறது என்று மையால் கோடு வரைந்தார். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நேராக மேலே தூக்கினார். முதுகில் வலி பாயவில்லை. ஒவ்வொரு தசைக்கும் சுழியிலிருந்து ஐந்து வரை ஓர் எண் போட்டார். சுழி என்றால் அசைவே இல்லை. ஐந்து என்றால் முழு வலிமை. பாதத்தை உயர்த்தும் தசைக்குச் சுழி. வெளிப்புறம் திருப்பும் தசைக்கு இரண்டு.

"இதெல்லாம் எதற்கம்மா? டாக்டர்தான் முதுகு என்று சொல்லிவிட்டாரே."

"சொன்னாருங்க ஐயா. எங்க அப்பா கழனியில வேலை பார்த்தவரு. கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா மூணு எடத்தப் பாப்பாரு. ஏரியில தண்ணி இல்லியா, மதகு அடைச்சிக்கினு இருக்குதா, இல்ல வாய்க்கால்ல எங்கியாச்சும் மண்ணு சரிஞ்சிருக்குதா. உங்களுக்குத் தல ஏரி, முதுகு மதகு. ஏரி நல்லா இருக்குது. மதகு அடைச்சிருந்தா, உள்பக்கம் திருப்பற தசையும் சோர்ந்திருக்கணும். அதுக்கும் அதே மதகுத் தண்ணிதான். ஆனா அது ஜோரா இருக்குது."

"ஆகவே?"

"வாய்க்கால்ல பாக்கறேன்." என் முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே, குமிழ்போல் புடைத்திருக்கும் எலும்பின்மேல் விரலை வைத்தார். "நரம்பு இங்க தோலுக்கு அடியிலயே சுத்திக்கினு வருது. எதுனா அழுத்தினா அமுங்கிடும். ஆளு இளைச்சிருந்தா இன்னும் சுலுவா அமுங்கும். காய்ச்சல்ல படுத்தீங்களா ஐயா?"

"வைகாசியில்."

"ரொம்ப நேரம் சம்மணம் போட்டோ, குந்திக்கினோ உக்காருவீங்களா? முழங்கால்கிட்ட துணி எதுனா இறுக்கிக் கட்டற பழக்கம் உண்டா?"

கேள்வி அவ்வளவு நேராக வந்தது. கதவருகே என்னைத் தள்ளிவந்த ஆள் நின்றிருந்தான், எங்கள் தெருக்காரன். கண்ணாடியில் என் முகம் எனக்கே தெரிந்தது.

"நான் நாற்காலியில் உட்காருகிறவன்" என்றேன்.

"இங்க லேசா ஒரு தழும்பு மாதிரி…"

"இல்லை என்று சொன்னேனே."

அவர் கனகவல்லியைப் பார்த்தார். "நீங்க பாத்திருக்கீங்களாம்மா?"

கனகவல்லி என்னைப் பார்த்தாள். முப்பத்தொரு ஆண்டு இல்லறத்தில் அவள் அந்நியர் முன்னிலையில் என்னைத் திருத்தியதில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

எஸ்தர் சீட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். நான் எட்டிப் படித்தேன். முழங்கால் அழுத்தம் உண்டா என்ற கேள்வியை எழுதி, அதன் எதிரே, "நோயாளி மறுக்கிறார்" என்று குறித்திருந்தார். எனக்குச் சினம் மூண்டது. மறுக்கிறார் என்பது குற்றக்கூண்டில் நிற்பவனுக்கு உரிய சொல். அதை மாற்றும்படி சொன்னேன்.

"எங்க படிப்புல அப்படித்தான் எழுதணுங்க ஐயா. உண்டுன்னா உண்டு. இல்லன்னா இப்படி" என்றார். பிறகு, கொஞ்சம் வருத்தத்தோடு, "காரணம் இல்லாம வாய்க்கால் அடைக்காது. அப்ப மதகைத்தான் பாக்கணும். டாக்டர் சொன்னபடியே இழுத்துப் பாக்கறோம்" என்றார்.

இவ்வாறாக என் முதுகுக்கு வைத்தியம் தொடங்கிற்று.

காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் இடுப்பில் தோல்வாரைக் கட்டி, கட்டில் காலுக்கு அப்பால் மணல்மூட்டைகளைத் தொங்கவிட்டார்கள். அடுத்த கட்டிலில் திருப்பருத்திக்குன்றத்து விவசாயி கன்னியப்பன். மாட்டு வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். அவர் காலிலும் எடை தொங்கியது.

"இன்னா சார், நம்ம ரெண்டு பேருக்கும் மூட்டை கட்டிட்டாங்க. அந்தியூர் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிக்கினு போவாங்களா?" என்றார் முதல் நாளே. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைப் பொருட்படுத்தாமல் அவர் தம் வீட்டிலிருந்து வந்த வேர்க்கடலையில் பாதியை என் மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு நாளும் வைத்தார்.

கனகவல்லி விடியற்காலை முதல் பேருந்துக்கும் முன்னதாகவே நடந்து வந்து, பித்தளைக் கூஜாவில் காப்பி கொண்டுவருவாள். மரத்த புறங்காலில் காப்பிச் சூடு தெரிகிறதா என்று டம்ளரை வைத்துப் பார்ப்பாள். தெரியவில்லை என்று நான் தலையசைக்கும்போது, அவள் அந்தத் தோல்வியைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு டம்ளரைக் கழுவப் போவாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்களேன். இன்னா போயிடப் போவுது?"

"ஒரு துண்டு மனிதனை முடமாக்குமா? நீயும் படிக்காதவள் மாதிரிப் பேசுகிறாய்."

"நான் படிக்காதவதாங்க" என்றாள் அவள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அச்சகத்திலிருந்து மலரின் மெய்ப்புத் தாள்கள் வந்திருந்தன. ஒரு வாரத்தில் திருத்தித் திருப்ப வேண்டும். மதியத்தில் எடை இல்லை, பார்வையாளர் இல்லை, நர்ஸ்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். மருத்துவமனைக் கட்டிலில் சாய்வதற்கு ஒன்றும் இல்லை. முழங்கால்களை நிறுத்தி, அங்கவஸ்திரத்தை முதுகைச் சுற்றிக் கட்டி, மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டு தாள்களைத் திருத்தினேன். அவர் கேட்ட கேள்வி எனக்கு மறந்துவிடவில்லை. ஆயினும், என்மேல் ஒரு கேள்வி கேட்கப்பட்டதற்காக என் வழக்கத்தை மாற்றிக்கொள்வது, நான் இல்லை என்று சொன்னதை நானே மறுப்பதாகும் என்று எனக்குத் தோன்றியது. இப்படியும் ஒருவன் நினைக்கக்கூடும் என்பதை இன்று நம்ப முடியவில்லை. நினைத்தவன் நான்.

கன்னியப்பன் ஒரு மதியம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

"அட! நீங்களும் நம்ம ஆளுதானா சார்? அப்ப இன்னாத்துக்கு அந்தப் போர்டு மாட்டினீங்க? எங்க மச்சான் அந்தப் போர்டப் பாத்துட்டு இனிமே அங்க வரமாட்டேன்னுட்டான்."

"சத்தம் போடாதே."

"இதுல இன்னா சார் சத்தம்? குந்தறதுக்குக்கூடவா லைசன்ஸு?" என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் அவர் காலில் தொங்கிய மூட்டை ஆடியது. ஆனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் எஸ்தர் மறுபடியும் எண்கள் போட்டார். வெளிப்புறம் திருப்பும் தசை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்திருந்தது. மின்சாரப் பெட்டியின் தகடுகளை வைத்தார். ஒருவகை மின்சாரம் நரம்பின் வழியாகவே தசையைத் துடிக்க வைக்கும். நரம்பு கெட்டிருந்தால் அதற்குத் தசை துடிக்காது. என் கால் துடிக்கவில்லை. இன்னொரு வகை மின்சாரம் நேரே தசையைத் தூண்டும். அதற்கு ஒரு புழு நெளிவதைப்போல மெல்ல நெளிந்தது. அவர் பழைய எண்களையும் புதிய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"படுக்கையில ஓய்வா இருக்கீங்க. இழுத்துக்கினும் இருக்கோம். முதுகா இருந்தா, ஒண்ணு அப்படியே இருக்கணும், இல்ல தேறணும். கொறையக் கூடாதே" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "நாள்தோறும் எதுவோ நடக்குது."

அன்று காலையில்தான் டாக்டர் சென்னைக்குக் கடிதம் எழுதிவிட்டதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை என்னை அனுப்புவதாக ஏற்பாடு. ஆனால் அன்று மதியமும் மெய்ப்புத் தாள்களை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு அவர் வந்தார். அது அவர் வழக்கமாக வரும் நேரம் அல்ல. காலடி ஓசை கேட்கவில்லை. போர்வை என் தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. நிமிர்ந்தபோது அவர் கட்டிலருகில் நின்று, என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"அவுக்கலாமா ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

தலையசைத்தேன். அவர் குனிந்து, முடிச்சை உடனே அவிழ்க்காமல், அது எங்கே இருக்கிறது என்று விரலால் அளந்தார். வலக்கைக்காரனாகிய நான் எப்போதும் வலது முழங்காலின் வெளிப்புறத்தில்தான் முடிச்சுப் போடுவேன். முடிச்சு அந்தக் குமிழ் எலும்பின்மேல் சரியாக அமர்ந்திருந்தது.

"துண்டு ரெண்டு காலுலயும் இருக்குது. முடிச்சு மட்டும் ஒரு காலுல இருக்குது" என்றார். அவிழ்த்தார். பிறகு ஒரு விரலால் அந்த இடத்தை மெதுவாகத் தட்டினார்.

முழங்காலிலிருந்து புறங்கால்வரை மின்னல்போல் ஒன்று பாய்ந்தது. நான் கூவிவிட்டேன். பத்து நாட்களுக்கு மேலாக ஏதும் உணராத பாதத்தில் அது பாய்ந்தது. வெறும் நான்கு முழத் துணி. அதற்காக என் முதுகைத் திறக்க இருந்தார்கள்.

"எத்தினி மாசமா?"

"மாசியிலிருந்து."

"ஒரு நாளைக்கி எத்தினி நேரம்?"

சொன்னேன். இங்கே கட்டியதையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அம்மா, இது வெளியே தெரிய வேண்டாம்" என்றேன்.

"உங்க கௌரவத்தப் பாத்துக்கறது என் வேலை இல்லீங்க ஐயா. காலப் பாத்துக்கறதுதான். திங்கக்கிழமை நீங்க மெட்ராஸுக்குப் போவக் கூடாது. அதுக்கு டாக்டருக்கு ஒரு காரணம் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீயே சொல்லிவிடு" என்றேன். நீங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை டாக்டர் சுற்றி வந்தபோது, பின்னால் இரண்டு நர்ஸ்கள், எதிர்க் கட்டிலில் உறவினர்கள், கன்னியப்பன், கனகவல்லி எல்லோரும் இருந்தார்கள். எஸ்தர் என் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அழுத்தம் முழங்கால் பக்கத்தில்தான், முதுகில் இல்லை. உட்காரும் விதத்தால் வந்திருக்கிறது. அதை நிறுத்திவிட்டால் நரம்பு மீளும். கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். டாக்டர் தாமே சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். பிறகு அவர் முகம் சிவந்தது.

"ஒன்பது நாளா முதுகை இழுத்துக்கிட்டிருந்தோமேம்மா! உட்காருற பழக்கத்தை முதல் நாளே கேட்டிருக்க வேண்டாமா? அதைக்கூடக் கேட்கத் தெரியாம என்ன படிச்சிட்டு வந்தே?"

சீட்டு எஸ்தர் கையில் இருந்தது. முதல் நாள் எழுதிய பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும். அவர் திருப்பவில்லை.

"இன்னொரு தரம் கேட்டிருக்கணும் சார்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்து, "மன்னிக்கணும் சார்" என்றார். நான் கையிலிருந்த பத்திரிகையைப் பிரித்தேன். அதில் எந்தச் செய்தியைப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. கனகவல்லி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது நினைவிருக்கிறது. கன்னியப்பன் அதற்குப் பிறகு என் மேசைமேல் வேர்க்கடலை வைக்கவில்லை.

அன்றே தோல்வாரை அகற்றினார்கள். காலணியிலிருந்து கெண்டைக்கால்வரை தோலும் கம்பிச்சுருளும் கொண்ட ஒரு தாங்கி செய்து கொடுத்தார்கள். அது தொங்கும் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும். தசை சுருங்கிப்போகாமல் இருக்க நாள்தோறும் மின்சாரம். கண்ணாடி முன் அமர்ந்து, அசையாத பாதத்தை அசைப்பதாக எண்ணி முயலும் பயிற்சி. நரம்பு நாளொன்றுக்கு ஒரு நூல் கனம்தான் வளரும், அவசரப்பட்டால் கேட்காது என்றார் எஸ்தர். எந்த நாளில் எந்தப் பயிற்சி என்பதை அவர் முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்த்து, நேற்றைய கணிப்பு இன்றைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தபின்தான் தீர்மானித்தார். களைத்திருந்தால் பயிற்சியைக் குறைத்தார். தசை ஒரு துளி கூடுதலாக நெளிந்தால் மின்சாரத்தைக் குறைத்து என்னை முயலச் சொன்னார். தாம் நினைத்ததைத் தாமே சந்தேகிப்பதையே அவர் தொழிலாகக் கொண்டிருந்ததைப் பார்த்தேன். இருபத்தாறு ஆண்டுகளில் நான் ஒருமுறையும் செய்யாத வேலை அது.

வீட்டுக்குப் போன பின்னரும் வாரம் இருமுறை அந்தக் கூடத்துக்குப் போனேன். ஐப்பசியில் ஒரு நாள், அங்கே வேறு யாரும் இல்லாதபோது கேட்டேன்.

"அன்று ஏன் சீட்டைக் காட்டவில்லை?"

அவர் தகடுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "காட்டியிருந்தா நீங்க இன்னா சொல்லியிருப்பீங்க? அத்தினி பேரு முன்னாடி?"

நான் யோசித்தேன். "இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்."

"அதாங்க. கேட்டேன்னு நான் சொல்லுவேன், கட்டலைன்னு நீங்க சொல்லுவீங்க. டாக்டர் யாரை நம்புவாரு? திங்கக்கிழமை நீங்க மெட்ராஸுல. என் மேல தப்புன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, சட்டுனு முடிஞ்சிடும். எனக்கு அன்னிக்கி உங்க காலு வேணும்." தகட்டை என் காலில் வைத்தார். "தூக்கிப் பாருங்க."

என்னைப் பற்றியும் அவர் ஒரு கணிப்புச் செய்து, தசைகளுக்கு எண் போட்டதைப்போல் எனக்கும் ஓர் எண் போட்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த எண் சரியானது. பாதத்தை உயர்த்தினேன். பெருவிரல் முதலில் எழுந்தது. பிறகு பாதம் முழுவதும், நடுங்கிக்கொண்டே, தரையை விட்டு எழுந்தது. அவர் கைதட்டினார். கனகவல்லி கதவருகே நின்று அழுதாள். நான் அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களைப் பார்க்க இயலவில்லை.

தை மாதம் வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குத் தாங்கியின்றி நடந்து போனேன். மாலை போட்டார்கள். செயலாளர் தம் உரையில், பிசியோதெரபி செய்த அனுபவமற்ற ஒரு பெண் முதலில் நோயைத் தவறாகக் கணித்து ஒன்பது நாட்களை வீணாக்கினாள் என்றும், பின்னர் டாக்டரின் கண்டிப்பாலும் தலைவரின் சொந்த ஆராய்ச்சி அறிவாலும் உண்மைக் காரணம் வெளிப்பட்டது என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து மறுக்கவில்லை. அவ்வுரை அப்படியே விழா அறிக்கையில் அச்சாகி, அதைப் படித்த இருவர் தங்கள் வீட்டு நோயாளிகளை எஸ்தரிடம் அனுப்பத் தயங்குவதாக என்னிடமே சொன்னார்கள். ஆதலால் இதை எழுதினேன். அடுத்த மலரில் ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சிடும்படி செயலாளருக்கு எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புகிறேன்.

எனக்குப் பக்கவாதம் வரவில்லை. என் முதுகில் எந்த நோயும் இல்லை. ஆராய்ச்சி எதையும் நான் செய்யவில்லை. எஸ்தர் கேட்க வேண்டியதை முதல் நாளே, கேட்க வேண்டிய சொற்களாலேயே கேட்டார். நான் பொய் சொன்னேன்.